கெட்டிக்கார ஹான்ஸ்: கணக்குப் போட்ட குதிரையும் உளவியலின் சோதனை முறையும்

1904ஆம் ஆண்டுக் கோடையில் பெர்லின் நகரின் வடபகுதியில், கிரீபனோ தெருவில், உயரமான குடியிருப்புகள் சூழ்ந்த கல்பாவிய முற்றம் ஒன்றில் நண்பகல் வேளைகளில் கூட்டம் கூடத் தொடங்கியது. அறுபதைக் கடந்த முதியவர் ஒருவர், நரைத்த தலையில் அகன்ற விளிம்புள்ள கறுப்புத் தொப்பியோடு நிற்பார். அவருடைய இடப்பக்கத்தில் ஓர்லோவ் இனத்தைச் சேர்ந்த ஆண் குதிரை ஒன்று, பாடம் கேட்கவந்த பிள்ளையைப் போல அடக்கமாக நிற்கும். ‘ஐந்தில் இரண்டும் இரண்டில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?’ என்று அவர் கேட்டால், குதிரை வலது முன்னங்காலால் முதலில் 9 முறையும், சற்று நிறுத்திவிட்டுப் பின்னர் 10 முறையும் தரையைத் தட்டும். அதாவது பத்தில் ஒன்பது. 28இன் காரணிகள் எவை என்றால் 2, 4, 7, 14, 28 என்று வரிசையாகத் தட்டும். ‘ஓர் எண்ணை நினைத்திருக்கிறேன், அதில் 9 போனால் மிச்சம் 3, அந்த எண் எது?’ என்றால் 12 முறை தட்டி நிறுத்தும்.

முதியவரின் பெயர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். குதிரையின் பெயர் ஹான்ஸ். ஊரார் அதற்கு வைத்த பெயர் கெட்டிக்கார ஹான்ஸ். ஓஸ்டன் ஏறத்தாழ 4 ஆண்டுகள் அதற்குப் பாடம் நடத்தியிருந்தார். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே முறைதான்: முதலில் மரக்கட்டைகளை நிறுத்திவைத்து எண்ணக் கற்பித்தல், அடுத்து மணிச்சட்டம், அதன்பின் பலகையில் எழுதிய எண்கள், கடைசியில் எழுத்துகள். எழுத்துகளை வரிசையாகவும் நிரையாகவும் அடுக்கிய அட்டவணை ஒன்றை அவர் செய்துவைத்திருந்தார். எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது எழுத்து என்று இருமுறை தட்டிக் குதிரை சொற்களை எழுத்துக்கூட்டிக் காட்டியது. சரியாகச் சொன்னால் ரொட்டித் துண்டோ காரட்டோ கிடைக்கும். சவுக்குக்கு அங்கே வேலையே இல்லை. பார்க்க வந்தவர்களிடம் ஓஸ்டன் காசு வாங்கவும் இல்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது; ஏனென்றால், ஏமாற்றுவதற்கான நோக்கம் என்று எதையும் அவர்மீது சுமத்த முடியாமல் போனதே ஆய்வாளர்களை முதலில் திணறவைத்தது.

இந்த நிகழ்வு உளவியல் பாடநூல்களில் பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது: குதிரைக்குக் கணக்குத் தெரியாது, அது கேட்பவரின் உடலசைவைப் பார்த்தது, ஆகவே ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சொல்லப்படுவது தவறல்ல. ஆனால் கற்கவேண்டியதன் பெரும்பகுதி அந்த அரைப் பக்கத்தில் விடுபட்டுப்போகிறது. மூன்று மாத இடைவெளியில் ஒரே குதிரையை இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. இரண்டிலும் இருந்தவர்கள் நேர்மையானவர்கள், விவரம் தெரிந்தவர்கள். முதற்குழுவால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாவது குழு முழு விடையையும் கண்டுபிடித்தது. இடையில் மாறியது என்ன என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

அன்றைய உளவியல் எங்கே நின்றது

ஹான்ஸ் ஊர்ப்பேச்சாக மாறிய காலத்தில் சோதனை உளவியல் கால் நூற்றாண்டு மட்டுமே வயதான துறை. 1860இல் குஸ்தாவ் ஃபெக்னர், புறத்தூண்டல் எவ்வளவு கூடினால் உணர்வு எவ்வளவு கூடுகிறது என்பதை அளந்து எழுதியிருந்தார். 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் நிறுவிய ஆய்வகத்தையே உளவியல் தனித்துறையாகப் பிறந்த இடமாக வரலாறு குறித்துவைத்திருக்கிறது. 1885இல் ஹெர்மான் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்முடைய மறதியைத் தாமே அளந்து வெளியிட்டார். இவர்கள் அனைவரிடமும் பொதுவாக இருந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதிக்கப்படுபவர் பயிற்சி பெற்ற ஆய்வாளராகவோ அவருடைய மாணவராகவோ இருந்தார். என்ன சோதிக்கப்படுகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தம் மனத்துக்குள் நடப்பதைத் தாமே நோக்கிச் சொல்லவும் செய்வார். அகநோக்கு என்ற இந்த முறையில், ஆய்வாளரின் எதிர்பார்ப்பு விடைக்குள் கசிவதைத் தடுக்கும் ஏற்பாடு ஏதும் இல்லை. அது ஒரு குறையாகவே அன்று பலருக்குப் படவில்லை.

விலங்குகளிடம் அகநோக்கைக் கேட்க முடியாது. டார்வினுக்குப் பின், மனித மனத்துக்கும் விலங்கு மனத்துக்கும் இடையே தொடர்ச்சி இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1882இல் ஜார்ஜ் ரோமானஸ் விலங்கறிவைப் பற்றிய எண்ணற்ற கதைகளைத் தொகுத்து அந்தத் தொடர்ச்சியைக் காட்ட முயன்றார். நாய் தாழ்ப்பாளைத் திறந்தது, பூனை நன்றி காட்டியது என்ற வகைக் கதைகள் அவை. 1894இல் லாய்டு மார்கன் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்: கீழ்நிலை மன ஆற்றல் ஒன்றைக் கொண்டு விளக்கமுடிகிற செயலுக்கு, மேல்நிலை ஆற்றலைக் காரணமாகச் சொல்லக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் கண்ணெதிரே ஒரு குதிரை பின்னத்தைக் கூட்டிக் காட்டும்போது, அந்தக் கீழ்நிலை ஆற்றல் எது என்பதை யாராவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் விதியைப் பயன்படுத்தவே முடியும்.

செப்டம்பர் குழு

1904 செப்டம்பரில் 13 பேர் கொண்ட குழு ஒன்று ஹான்ஸைப் பார்வையிட்டது. பெர்லின் பல்கலைக்கழக உளவியல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் ஸ்டும்ப்ஃப், உடலியலாளர் நாகெல், பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர் லுட்விக் ஹெக், சர்க்கஸ் உரிமையாளர் பால் புஷ், ஒரு கால்நடை மருத்துவர், ஓர் ஆசிரியர், படைத்துறையில் இருந்தவர்கள், பிரபுக் குடும்பத்தினர் என்று குழு கலவையாக இருந்தது. ஏமாற்று வேலை இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பார் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த குழு என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். விலங்குகளை ரகசியச் சைகையால் ஆட்டுவிக்கும் கலையில் சர்க்கஸ்காரரைவிடத் தேர்ந்தவர் யார் இருக்கமுடியும்?

அவர்கள் தேடியதும் அதைத்தான். ஓஸ்டனின் கை, கால், கண், குரல் எல்லாவற்றையும் ஆளுக்கொரு பக்கமாக நின்று கவனித்தார்கள். அவரைப் போகச்சொல்லிவிட்டு வேறொருவர் கேள்வி கேட்டபோதும் ஹான்ஸ் விடை சொன்னது. ஆப்பிரிக்கக் காடுகளில் சுற்றி விலங்குகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றிருந்த கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ், சந்தேகத்தோடு வந்து, தாமே தனியாகக் கேட்டுச் சரியான விடைகளைப் பெற்று, குதிரையின் ஆதரவாளராகவே மாறிப்போனார். உரிமையாளர் இல்லாத நேரத்திலும் குதிரை விடை சொல்கிறது என்றால், உரிமையாளர் சைகை காட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது அல்லவா? செப்டம்பர் 12ஆம் நாளிட்ட அறிக்கையில், இதில் தந்திரம் ஏதும் இல்லை, இதுவரை அறியப்பட்ட வகைத் தன்னறியாச் சைகைகளும் இல்லை, இது வழக்கமான பழக்குதலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது, ஆழமான அறிவியல் ஆய்வுக்குத் தகுதியானது என்று குழு கையெழுத்திட்டது. குதிரைக்குச் சிந்திக்கத் தெரியும் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் ஊர் அதை அப்படித்தான் வாசித்தது.

நம்மூர்த் தெருக்களில் உறுமியை வாசித்துக்கொண்டு பூம்பூம் மாட்டை ஓட்டிவருபவரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ‘இந்த வீட்டு அம்மாவுக்கு நல்ல காலம் வருமா?’ என்று அவர் கேட்க, மாடு தலையை ஆட்டும். அங்கே யாருக்கும் குழப்பமில்லை. மாடு பழக்கப்பட்டது என்பது ஆட்டுவிப்பவருக்கும் தெரியும், அரிசி போடுபவருக்கும் தெரியும். செப்டம்பர் குழு பெர்லின் முற்றத்தில் தேடியது இப்படிப்பட்ட, ஆட்டுவிப்பவருக்குத் தெரிந்த கயிற்றை. அப்படியொரு கயிறு அங்கே இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. ஆட்டுவிப்பவருக்கே தெரியாத கயிறு ஒன்று இருக்கலாம் என்பதைச் சோதிக்கும் வழி அவர்கள் கையில் இல்லை. கூர்ந்து பார்ப்பது ஒன்றே அவர்களிடம் இருந்த கருவி.

யாருக்கு விடை தெரியும்?

ஸ்டும்ப்ஃப் மேலாய்வை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவரிடம் ஒப்படைத்தார். எரிக் ஃபான் ஹார்ன்பாஸ்டல் பதிவுகளைக் கவனித்துக்கொண்டார். வேடிக்கை பார்ப்பவர்களின் தொந்தரவைத் தவிர்க்க முற்றத்திலேயே பெரிய கூடாரம் ஒன்றை அடித்து, அதற்குள் சோதனைகளை நடத்தினார்கள். ஃபுங்ஸ்ட் முதலில் குதிரையோடு பழகினார். தாமே கேள்வி கேட்டு விடை பெறும் அளவுக்குப் பழகினார். அதன்பின் அவர் செய்த முதல் காரியம், குதிரையையும் உரிமையாளரையும் ஒருபுறம் வைத்துவிட்டு, கேள்வி கேட்பவருக்கு விடை தெரிகிறதா இல்லையா என்ற ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தது. தெரிந்த நிலை, தெரியாத நிலை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டையும் மாற்றி மாற்றி நடத்தினார். மற்ற அனைத்தும் அப்படியே இருக்க, ஒன்றே ஒன்று மாறுகிறது. இன்று சாரா மாறி என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதன் தெளிவான வடிவம் இது.

எண் எழுதிய அட்டையைக் குதிரைக்கு மட்டும் காட்டி, கேட்பவர் பார்க்காமல் வைத்து, ‘என்ன எண்?’ என்று கேட்டார்கள். கேட்பவருக்கு எண் தெரிந்திருந்தபோது 98 விழுக்காடு விடைகள் சரி. தெரியாதபோது 8 விழுக்காடு. சொற்களைப் படிக்கவைத்த சோதனையில் தெரிந்தபோது அனைத்தும் சரி, தெரியாதபோது ஒன்றுகூடச் சரியில்லை. கூட்டல் சோதனைக்கு ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்த ஏற்பாடு எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி. ஓஸ்டன் ஓர் எண்ணைக் குதிரையின் காதில் மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பார். அடுத்து ஃபுங்ஸ்ட் இன்னோர் எண்ணை அதேபோல முணுமுணுப்பார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டினால் வரும் தொகையை அந்த முற்றத்தில் ஒரே ஒரு உயிர் மட்டுமே அறிந்திருக்க முடியும், அது குதிரை. 31 முறை கேட்டதில் 3 முறை மட்டும் விடை சரியாக இருந்தது. தொகை கேட்பவருக்குத் தெரிந்த நிலையில் அதே 31 முறையில் 29 சரி.

இந்த ஏற்பாட்டுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செப்டம்பரில் கூடிய 13 பேரும் இதைச் செய்திருக்கலாம். ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். அவர்கள் ‘ஏமாற்றுகிறாரா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குரிய விடை ஒரு மனிதரின் குணத்தைப் பற்றியது. ‘விடை யாரிடம் இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது?’ என்பதைக் கேட்டிருந்தால், ஓஸ்டன் நல்லவரா கெட்டவரா என்பதே பேச்சில் வந்திருக்காது.

கேட்பவரிடமிருந்து குதிரைக்கு ஏதோ போகிறது என்பது உறுதியானபின், அது எந்த வழியாகப் போகிறது என்பதே அடுத்த கேள்வி. கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் நினைத்தாலே போதும் என்று தெரிந்தபோது செவி வழி அடிபட்டது. குதிரை கேட்பவரை நோக்கிக் காதைத் திருப்புவதுமில்லை. மிச்சம் இருந்தது கண். குதிரையின் தலையில் பெரிய கண்மறைப்புகளைக் கட்டி, கேட்பவரைப் பார்க்க முடிந்தபோதும் முடியாதபோதும் விடைகளைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். பார்க்க முடிந்தபோது 89 விழுக்காடு சரி, பார்க்க முடியாதபோது 6 விழுக்காடு. மறைப்பைக் கட்டிய குதிரை கேட்பவரை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று தலையைத் திருப்பித் திமிறியது. எண்ண வேண்டிய பொருட்களையோ எழுதிய பலகையையோ பார்ப்பதற்கு அது இப்படி ஒருநாளும் முயன்றதில்லை. கேட்பவர் தள்ளிப்போகப் போகவும், பொழுது சாய்ந்து இருட்ட இருட்டவும் தவறுகள் பெருகின. இந்தச் சோதனைகளின் நடுவே குதிரைக்குக் கோபம் வந்து ஃபுங்ஸ்டைக் கடித்ததும் உண்டு. விடை தெரியாத மாணவனுக்கு வரும் எரிச்சல்தான்.

ஐந்தில் ஒரு மில்லிமீட்டர்

கண்ணுக்குப் போவது எது? ஃபுங்ஸ்ட் குதிரையை விட்டுவிட்டு ஓஸ்டனைப் பார்க்கத் தொடங்கினார். கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஓஸ்டன், குதிரையின் காலைக் கவனிப்பதற்காகத் தலையையும் உடலையும் மிகச் சிறிதளவு முன்னே சாய்ப்பார். குதிரை தட்டத் தொடங்கும். தட்டல் சரியான எண்ணை எட்டியவுடன், அதுவரை இறுக்கத்தில் இருந்த அவருடைய தலை இம்மியளவு மேலே எழும், குதிரை நிறுத்தும். அவ்வளவுதான். அந்த எழுச்சி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கும் சிறிதாக இருந்தது. ஓஸ்டனின் தொப்பியின் அகன்ற விளிம்பு அந்த அசைவைச் சற்றே பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. புருவம் உயர்வதும் மூக்குத்துளை விரிவதும்கூட அதற்குப் போதுமானவையாக இருந்தன.

இது கிடைத்ததும், முன்னர் அறிவின் அடையாளமாகத் தோன்றியவை எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பெரிய எண்ணாக இருந்தால் ஹான்ஸ் வேகமாகத் தட்டும், சிறிய எண்ணாக இருந்தால் நிதானமாகத் தட்டும். விடை அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று இதை வியந்தவர்கள் உண்டு. உண்மையில் நீண்ட எண்ணிக்கைக்குத் தயாராகும்போது கேட்பவர் கூடுதலாகக் குனிகிறார். குனிவு கூடினால் தட்டும் வேகமும் கூடுகிறது. தவறும்போது ஹான்ஸ் பெரும்பாலும் ஒன்று கூட்டியோ ஒன்று குறைத்தோ தவறியது. எண்ணத் தெரிந்தவர் கவனம் சிதறிச் செய்யும் பிழை போல அது தோன்றியது. உண்மையில் கேட்பவரின் இறுக்கம் ஒரு தட்டு முந்தியோ பிந்தியோ தளர்ந்திருந்தது.

இந்த இடத்தில் நின்றுவிடாமல் ஃபுங்ஸ்ட் எதிர்த்திசையிலும் நடந்து பார்த்தார். எந்தக் கேள்வியும் கேட்காமல் வெறுமனே முன்னே குனிந்தார். குதிரை தட்டத் தொடங்கியது. வேண்டிய இடத்தில் தலையை நிமிர்த்தினார்; நின்றது. கேள்விக்கு விடை 3 என்றாலும் 10 வரை குனிந்தே இருந்தால் 10 வரை தட்டியது. காரணத்தை நீக்கினால் விளைவு மறைகிறது, காரணத்தை வேண்டுமென்றே கொடுத்தால் விளைவு வருகிறது என்ற இரண்டையும் காட்டியபின்தான் அவர் அதைக் காரணம் என்று அழைத்தார்.

இதன்பின் அவர் முற்றத்திலிருந்து ஆய்வகத்துக்குப் போனார். குதிரையின் இடத்தில் தாமே அமர்ந்துகொண்டார். எதிரே இருப்பவர் ஓர் எண்ணை மனத்தில் தீவிரமாக நினைக்க வேண்டும்; ஃபுங்ஸ்ட் வலது கையால் மேசையைத் தட்டிக்கொண்டே போவார்; எதிரில் இருப்பவரின் தலையில் அந்தச் சிறு எழுச்சி தெரிந்ததும் நிறுத்துவார். குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை சுமார் 25 பேரை இப்படிச் சோதித்தார்; என்ன தேடப்படுகிறது என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை. இருவரைத் தவிர மற்ற அனைவரும் அந்த அசைவைச் செய்தார்கள். செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தம் கண் தம்மை ஏமாற்றுகிறதோ என்ற ஐயத்துக்கும் இடம் வைக்காமல், தலையின் அசைவை மூன்று திசைகளிலும் எழுதிக்காட்டும் கருவியைப் பொருத்தி, மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, சுழலும் உருளையில் சுற்றிய கரிபூசிய தாளில் கோடுகளாகப் பதிந்தெடுத்தார். எண் எட்டப்பட்ட நொடியில் கோடு துள்ளியிருந்தது. இவ்வளவும் தெரிந்தபின் ஃபுங்ஸ்ட் தாமே கேட்பவராக நின்று அந்த அசைவை அடக்கப் பார்த்தார். விடையில் கவனம் குவிந்திருந்தவரை அவராலும் அடக்க முடியவில்லை.

ஸ்டும்ப்ஃபின் இரண்டாவது அறிக்கை 1904 டிசம்பர் 9ஆம் நாள் வந்தது. ஃபுங்ஸ்டின் விரிவான நூல் 1907இல் ஜெர்மன் மொழியிலும் 1911இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளியானது.

ஆய்வில் உள்ள குறைகள்

இந்த ஆய்வைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவோர் மறந்துவிடும் செய்திகள் சில உண்டு. சோதிக்கப்பட்டது ஒரே ஒரு குதிரை. ஆய்வகச் சோதனையில் அசைவைப் பார்த்து நிறுத்தியவர் ஃபுங்ஸ்டே. அந்த அசைவு வரும் என்று எதிர்பார்த்திருந்தவரும் அவரே. கருவியின் பதிவு இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது; ஆனாலும் விடை தெரியாத இன்னொருவர் அந்தக் கோடுகளைப் படித்திருந்தால் ஆய்வு இன்னும் உறுதியாக இருந்திருக்கும். ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்த நோய்க்கு அவரும் ஆளாகக்கூடியவர்தான்.

விடையை மறைத்துவைத்துச் சோதிப்பதை அவர்தான் முதன்முதலில் செய்தார் என்பதும் சரியல்ல. 1784இல் பாரிஸில், மெஸ்மரின் காந்தச் சிகிச்சையை ஆராய அரசர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்ளின் தங்கியிருந்த பாஸியில், ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டித் தோட்டத்து மரங்களிடம் அழைத்துச் சென்றது. காந்தமேற்றப்பட்டதாகச் சொன்ன மரத்தைத் தொடும் முன்னரே, ஏற்றப்படாத மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அங்கே மறைக்கப்பட்டது சோதிக்கப்படுபவனின் கண். ஹான்ஸ் நிகழ்வில் புதிதாக வந்தது, சோதிப்பவரின் அறிவையும் மறைக்க வேண்டும் என்பது. இரண்டும் சேர்ந்ததே பின்னாளில் மருந்து ஆய்வுகளில் நடைமுறையாகிய இருபுற மறைப்பு.

இன்னொரு குறை, ஆய்வில் அல்ல, அதை வாசித்த விதத்தில் உள்ளது. குதிரை முட்டாள் என்று ஃபுங்ஸ்ட் காட்டவில்லை. 13 வல்லுநர்கள் கூர்ந்து பார்த்தும் காணாத அசைவை, யாரும் கற்றுக்கொடுக்காமல், காரட்டுக்காகத் தானே கண்டுபிடித்து, புதிய ஆட்களிடமும் படித்துக்காட்டிய ஒரு விலங்கு அது. ஓஸ்டன் நினைத்த அறிவு அதற்கு இல்லை. அவர் நினைத்தே பார்க்காத இன்னொன்று இருந்தது. ‘குதிரை ஏமாற்றியது’ என்று இன்றும் எழுதுபவர்கள், செப்டம்பர் குழுவின் கேள்வியை விட்டு வெளியே வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஓஸ்டன் முடிவை ஏற்கவில்லை. தாம் 4 ஆண்டு உழைத்துக் கற்பித்ததை, தம்முடைய தலையே தம்மை அறியாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை ஏற்பது எளிதல்ல. அவர் 1909 ஜூனில் இறந்தார். ஹான்ஸ், எல்பர்ஃபெல்டு நகரத்து நகை வணிகர் கார்ல் கிரால் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முகம்மது, ஸாரிஃப் என்ற வேறு குதிரைகளையும் பழக்கி, சிந்திக்கும் விலங்குகளைப் பற்றி 1912இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கும் ஆதரவாளர்கள் திரண்டார்கள். ஓர் ஆய்வு முடிவு சரியாக இருப்பது, அதை மற்றவர்கள் ஏற்பதற்குப் போதாது என்பதற்கு எல்பர்ஃபெல்டு நல்ல சான்று.

அதே கேள்வி, வேறு முற்றங்கள்

ஹான்ஸ் நிகழ்வு விலங்கு உளவியலுக்குள்ளேயே நெடுங்காலம் கிடந்தது. அதை மனித ஆய்வுகளின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோஸன்தால். 1963இல் அவரும் கெர்மிட் ஃபோடும் வெளியிட்ட சோதனையில், 12 மாணவர்களுக்கு எலிகள் கொடுக்கப்பட்டன. சிலரிடம் இவை புதிர்வழியைச் சீக்கிரம் கற்கும் பரம்பரையைச் சேர்ந்தவை என்றும், மற்றவர்களிடம் மந்தமான பரம்பரை என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் எலிகளிடையே வேறுபாடு இல்லை. கெட்டிக்கார எலிகள் என்று நம்பியவர்களிடம் எலிகள் சிறப்பாகக் கற்றன. ஹான்ஸைப் பற்றிய ஃபுங்ஸ்டின் நூலை 1965இல் புதிய முன்னுரையோடு மீண்டும் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் ரோஸன்தாலே.

கலிஃபோர்னியாவில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நேரடியானது. போதைப்பொருளையும் வெடிபொருளையும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்களும் அவற்றின் பயிற்றுநர்களும் ஒரு தேவாலயத்துக்குள் தேடலுக்கு அனுப்பப்பட்டார்கள். சில இடங்களில் இருக்கும் சிவப்புத் தாள், பொருள் ஒளித்துவைக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் என்று பயிற்றுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. கட்டடத்தில் எங்கும் எந்தப் பொருளும் வைக்கப்படவில்லை. 144 தேடல்களில் 21 மட்டுமே எச்சரிக்கை ஏதுமின்றிச் சரியாக முடிந்தன. மொத்தம் 225 பொய் எச்சரிக்கைகள். நாய் எச்சரித்ததாகச் சொன்னவர் பயிற்றுநர். நாய் உண்மையிலேயே எச்சரித்ததா, பயிற்றுநர் அப்படி நினைத்தாரா என்பதை அந்த ஏற்பாடு பிரித்துக் காட்டாது. ஆனால் நம்பிக்கை எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது என்பது தெளிவு.

மனத்தை வருத்தும் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பேச்சு வராத ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பிள்ளை விசைப்பலகையில் எழுத்துகளைத் தொட்டு வாக்கியம் அமைக்கும் முறை வேகமாகப் பரவியது. கவிதை எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோரிடம் முதன்முறையாக அன்பைச் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். அதே வழியில் வீட்டார்மீது பாலியல் குற்றச்சாட்டுகளும் வந்தன, வழக்குகள் நடந்தன. அப்போதுதான் பிள்ளைக்கு ஒரு படமும் கையைப் பிடித்திருப்பவருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தார்கள். ஓஸ்டனும் ஃபுங்ஸ்டும் தனித்தனியே முணுமுணுத்த அதே ஏற்பாடு. விசைப்பலகையில் வந்த பெயர், கையைப் பிடித்திருந்தவர் பார்த்த படத்தின் பெயராக இருந்தது. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கையைப் பிடித்திருந்தவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். அவர்களில் பலர் சோதனை முடிவைக் கண்டு அழுதார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

செய்முறை வகுப்பில் இதைக் காட்ட மேசையும் 1 முதல் 20 வரை எண் எழுதிய சீட்டுகளும் போதும். ஒருவர் சீட்டை எடுத்துப் பார்த்து, எண்ணை மனத்தில் இறுத்தி, எதிரில் இருப்பவரின் கையைக் கவனித்துக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர் சீரான வேகத்தில் தட்ட வேண்டும், கண் எதிராளியின் நெற்றியிலும் தோளிலும் இருக்க வேண்டும். முதல் சில முறை தவறும். பழகப் பழக, மூச்சு விடுபடும் இடம் தட்டுபவருக்குப் பிடிபடத் தொடங்கும். இப்போது சீட்டை எடுத்தவரும் பார்க்காமல் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு, மறுபடி தட்டச்சொல்ல வேண்டும். தட்டுபவர் 10ஐத் தாண்டி, 20ஐத் தாண்டி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எதிரிலிருப்பவரின் முகத்தையே பார்த்துத் தட்டிக்கொண்டே போவார்.